பொத்துவில் பக்கத்து வதிவிடப் பாசறை: ஐந்து நாளும் கூட இருந்து பார்த்த ஒரு டீச்சர் எழுதுவது

கடந்த ஆனிக் கடைசியில் எங்கள் பாடசாலையின் தரம் 9 பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரை இந்தப் பாசறைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பெண் பிள்ளைகள் பத்தொன்பது, பொடியன்கள் பதின்மூன்று. அவர்களோடு டீச்சர்மார் இரண்டு பேர், ஒரு சேர். ஐந்து பகல், நான்கு இரவு. திரும்பி வந்து இரண்டு கிழமை ஆகிறது. அக்கம்பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்கள் போன் எடுத்து, "எப்படி, எங்கட பிள்ளைகளையும் அனுப்பலாமா?" என்று கேட்டபடி இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு தரம் சொல்வதை விட, கண்டதை முழுக்க எழுதிவிடுகிறேன்.

அனுப்பலாம். ஆனால் பெண் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள், நான் பின்னால் கழிவறை பற்றி எழுதியிருப்பதை வாசிக்காமல் காசு கட்ட வேண்டாம்.

எங்கள் பாடசாலை படுவான்கரையில். வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கம். பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தகப்பன் வேளாண்மை, கொஞ்சப் பேருக்கு வாவியில் மீன்பிடி, மற்றவர்களுக்குக் கூலிவேலை. ஒன்பது பிள்ளைகளின் தாய்மார் மத்திய கிழக்கில். அவர்களின் அனுமதிக் கடிதத்தில் அம்மம்மாமார்தான் கையெழுத்து வைத்தார்கள். பஸ் காசு இல்லாமல் தலைக்கு 14,500 ரூபா. அதில் பாதியை வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்த்துத் தந்தார்கள். மிச்சப் பாதியைக் கட்டுவதற்கு ஒரு தகப்பன் கன்றுக்குட்டி விற்றதாக எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. இப்படிக் கட்டிய காசு என்பதால்தான் இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறேன்.

நான் படித்த காலத்தில் பெண் சாரணியர் பாசறை என்றால், பாடசாலை மண்டபத்தில் வாங்கு மேசைகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்துப் படுப்பதுதான். பொழுதுபட்டால் வெளியே நிற்க ஏலாத காலம் அது. கூடாரம் அடிப்பதைக் கரும்பலகையில் கீறிப் படித்தோம். சாரணியம் இலங்கைக்கு 1912 இல் மாத்தளை வழியாக வந்தது, பெண் சாரணியம் 1917 இல் கண்டியில் தொடங்கியது என்று பாடமாக்கிச் சொன்னோம். முடிச்சு எல்லாம் போடத் தெரியும். கட்டுவதற்கு ஒரு மரத்தடிக்குப் போக விடமாட்டார்கள். என் பிள்ளைகள் இருட்டில் வெளியில் படுத்து எழும்ப வேண்டும் என்ற ஆசை எனக்கு அப்போதிருந்தே உண்டு.

வெள்ளாப்பில் வெளிக்கிட்டோம். சில பிள்ளைகள் பாதையில் வாவியைக் கடந்து வந்து பெரிய ரோட்டில் எங்களோடு ஏறினார்கள். (வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன், பாதை என்றால் எங்கள் பக்கம் ஆட்களை ஏற்றி வாவி கடத்தும் மிதவை.) களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று நேரே கடலோர ரோட்டில் தெற்கே. பத்தரை மணிக்குப் பாசறைக்குள் பஸ் நின்றது. பஸ்ஸில் சத்தி எடுத்தவர்கள் ஆறு பேர். எலுமிச்சம்பழம் கொண்டு போங்கள்.

இறங்கிய உடனே போன்களை எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். பிறகு எட்டெட்டுப் பேராக நான்கு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மூட்டை: கூடாரத் துணி, தடிகள், கயிறு, முளைகள். "மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் அடிச்சு முடியுங்க" என்று சொல்லிவிட்டுப் பயிற்றுநர்கள் நாலு பேரும் வேம்பின் கீழ் போய் இருந்துவிட்டார்கள்.

ஆனி மாதத்துக் கச்சான் காற்று எப்படி என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். உடம்பை வறுக்கும், மண்ணை வாரிக் கண்ணில் எறியும். முதல் கூடாரம் எழும்பியது, விழுந்தது. இரண்டாவது எழும்பவேயில்லை. பெண் பிள்ளைகள் குழு ஒன்றில் துணி காற்றோடு போய் வேலியில் சிக்கியது. எனக்குப் பொறுக்கவில்லை, எழும்பிப் போகப் பார்த்தேன். தலைமைப் பயிற்றுநர் கையைக் காட்டி மறித்தார். "இருங்க டீச்சர். விழட்டும். விழுந்தாத்தான் காத்து எங்கால வருது எண்டு பார்ப்பாங்க."

ஒன்றேகால் மணித்தியாலம் போனது. ஒரு பிள்ளை ஒரு பிடி மண்ணை எடுத்துப் பறக்கவிட்டுப் பார்த்தாள். மறுகா எல்லாரையும் கூப்பிட்டு வாசலைத் திருப்பி வைத்தாள். அது நின்றது. மற்ற மூன்று குழுவும் வந்து பார்த்துவிட்டுப் போய் அப்படியே செய்தார்கள். பயிற்றுநர்கள் கைதட்டவும் இல்லை, "வெரி குட்" என்று சொல்லவும் இல்லை. சோறு போட்டார்கள்.

இந்தப் பாசறையில் நான் மதித்த விஷயம் இதுதான். பிள்ளை தட்டுத்தடுமாறும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிந்தவர்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது என்றால் கவனிக்காமல் இருப்பது அல்ல, ஒரு கண்ணை எடுக்காமல் நிற்பது. பதினெட்டு வருஷம் படிப்பிக்கிறேன், எனக்கு இன்னும் அது சரியாக வருவதில்லை. பிள்ளை கணக்கில் மாட்டினால் என் கை தானாகச் சோக்கை எடுத்துவிடும்.

இனித் தண்ணீர். பெற்றோர் கூட்டத்தில் பாதி நேரம் இதற்குத்தான் போனது, ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகள் வாவிக்கரையில் பிறந்தவர்கள். ஆனால் முப்பத்திரண்டு பேரில் நீந்தத் தெரிந்தவர்கள் ஏழு பேர், ஏழு பேரும் பொடியன்கள். 2004 மார்கழி 26 இல் கடல் வந்து போன பிறகு இந்தக் கரையோரத்தில் எத்தனையோ வீட்டில் பிள்ளைகளைத் தண்ணீருக்கு விடுவதில்லை. இந்தப் பிள்ளைகள் அப்போது பிறக்கவும் இல்லை. பயம் மட்டும் தாயிடமிருந்து பாலோடு வந்திருக்கிறது. நான் குறை சொல்லவில்லை. என் சின்னம்மா குடும்பம் நாவலடியில் இருந்தது. நாலு பேர். அதற்குமேல் எழுத ஏலாது.

பாசறைக்காரர் அங்குள்ள வாவியில் இறக்கவே மாட்டோம், முதலை இருக்கிறது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. நீச்சல் எல்லாம் அங்குள்ள கடல் வளைகுடாவின் தெற்கு ஒதுக்கில், காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை, காற்று ஏறுவதற்கு முன்னர். எட்டுப் பிள்ளைக்கு ஒரு பயிற்றுநர், தண்ணீருக்குள் கயிறு இழுத்துக் கட்டிய எல்லை, கரையில் விசிலோடு இரண்டு பேர். இறங்கும்போதும் ஏறும்போதும் பிள்ளைகள் தாங்களே உரத்து இலக்கம் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு கேட்காவிட்டால் ஒருவரும் துவாயைத் தொடக்கூடாது.

நீச்சலின் முதல் நாள் நீந்தப் பழக்கவில்லை. மல்லாக்காகப் படுத்து மிதக்க மட்டும். காதுக்குள் தண்ணீர் போனால் உலகம் எப்படிக் கேட்கும் என்பதைப் பழக்கினார்கள். இரண்டாம் நாள் கரையில் இருத்தி இழுவை நீரைக் காட்டினார்கள். கரைக்கு வந்து உடைகிற அலைத் தண்ணீர் எல்லாம் ஏதோ ஒரு வழியாகக் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது ஒடுக்கமான ஒரு வாய்க்கால் போல ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். தெரியாத சனம் இதுதான் நல்ல இடம் என்று அங்கேதான் இறங்கும். பயிற்றுநர் ஒரு சிறங்கை உமியைத் தண்ணீரில் போட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டு இருக்க உமி நேரே வெளியே போனது. மாட்டுப்பட்டால் கரையைப் பார்த்து அடிக்கக்கூடாது, களைத்துப் போவாய். மிதந்துகொண்டு கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் விலகு, இழுவை விட்ட பிறகு அலையோடு திரும்பு. இதைப் பிள்ளைகள் மணலில் படுத்துக் கையை ஆட்டி ஆட்டிச் செய்து காட்டினார்கள். எனக்கு நாற்பத்து நாலு வயது. கடலோரத்து மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தும் இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

ஒரு பிள்ளை இறங்க மறுத்துவிட்டாள். பெயர் வேண்டாம். அழவில்லை, மணலில் குந்திக்கொண்டு "ஒண்ணா" என்று மட்டும் சொன்னாள். நான் சமாதானம் சொல்லப் போனேன். பயிற்றுநர் அக்கா ஒருத்தி, குழுவில் இருந்த ஒரே பெண் அவள்தான், என்னை முந்திக்கொண்டு போய், எறிகயிற்றுப் பையை அந்தப் பிள்ளையின் மடியில் வைத்தாள். "அப்ப நீங்க கயிறு. கண்ணை எடுக்கப்படாது." இவ்வளவுதான் சொன்னாள். பிள்ளை இரண்டு மணித்தியாலமும் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். இரண்டாம் நாள் எறிந்து பழகினாள், பன்னிரண்டு மீற்றருக்குக் கயிறு நேராகப் போனது. மூன்றாம் நாள் முழங்கால் தண்ணீரில் நின்று எறிந்தாள். நாலாம் நாளும் முழங்கால்தான். ஒருவரும் "இன்னும் கொஞ்சம் வா" என்று கூப்பிடவில்லை. திரும்பி வந்த அன்று பாதையில் ஏறும்போது அவள் அங்கே கட்டித் தொங்கவிட்டிருந்த உயிர்காப்பு அங்கிகளை எண்ணியதை நான் பார்த்தேன்.

இப்படிப் பழக்குவது எங்கே தொடங்கியது என்று ஒரு இரவு நெருப்படியில் சொன்னார்கள். ஜேர்மனியிலிருந்து பிரித்தானியாவுக்கு வந்த கேர்ட் ஹான் என்ற ஆசிரியரும், லோறன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் கம்பனிக்காரரும் சேர்ந்து 1941 இல் வேல்ஸின் அபர்டோவி என்ற கடற்கரை ஊரில் ஒரு மாத காலப் பயிற்சிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார்கள். யுத்தக் காலம். கப்பல் அடிபட்டு மூழ்கினால் உயிர்காப்புப் படகில் ஏறியவர்களில் இளம் மாலுமிகள் முதலில் சாகிறார்கள், வயதானவர்கள் தப்பி வருகிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. எங்கள் பொடியன் ஒருவன் கேட்டான்: "அந்தக் கிழவன்மார் நல்லா நீந்துவாங்களா சேர்?" பயிற்றுநர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "படகுக்குள்ள நீந்திறதுக்கு என்ன இருக்கு மகன்? அவங்க பொறுத்திருக்கத் தெரிஞ்சவங்க" என்றார். பொடியன் நெருப்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தான்.

மூன்றாம் நாள் லகுகலைக் குளம். பொத்துவிலிலிருந்து மொனராகலை ரோட்டில் மேற்கே போக வேண்டும். அந்தத் தேசிய வனம் 1,554 ஹெக்டெயர்தான், நாட்டில் உள்ள சின்ன வனங்களில் ஒன்று. வெயில் காலத்தில் குளத்தில் தண்ணீர் வற்ற வற்ற, பெரு என்று சிங்களத்தில் சொல்லும் ஒரு புல் வளரும், அதைத் தேடி யானைகள் வரும். நாங்கள் போனபோது பதினொரு யானைகள் நின்றன, இரண்டு குட்டிகளோடு.

வேறு பாடசாலைப் பிள்ளைகள் எப்படியோ, எங்கள் பிள்ளைகள் யானையைக் கண்டு வாய் பிளப்பவர்கள் அல்ல. காட்டோரக் கிராமத்துப் பொடியன் ஒருவன், வேளாண்மைக் காலத்தில் தகப்பனோடு பரணில் இரவுக்காவல் இருப்பவன். வகுப்பில் அவன் வாய் திறப்பதே அபூர்வம், பின்வாங்கில் தூங்கி விழுவான், நான் ஏசியிருக்கிறேன். அன்று ரோட்டோரத்தில் கிடந்த இலத்தியைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இராத்திரிப் போட்டது. அங்கால ஒண்டு காலையில போட்டது, உள்ளுக்குச் சூடு இருக்கும்" என்றான். பயிற்றுநர் தன் பேச்சை நிறுத்திவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார். குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றார். அவன் சொன்னான். யானை காற்றை எப்படிப் பிடிக்கும், தனியன் எப்படி வரும், கூட்டம் எப்படி வரும், யானைவெடிக்குப் பழகிய யானை என்ன செய்யும், வெடி முடிந்துவிட்டால் மனிதன் என்ன செய்ய வேண்டும். கால் மணித்தியாலத்துக்கு மேல் பேசினான். இன்னொரு பிள்ளை, "எங்கட குசினிச் சுவரை ரெண்டு தரம் இடிச்சது. எனக்கு அதை வடிவு எண்டு சொல்ல மனம் வரல்ல" என்றாள். பயிற்றுநர் அதையும் எழுதிக்கொண்டார். யானையைப் பாதுகாக்க வேண்டும் என்று பாடம் எடுக்கத் தொடங்கியிருந்தால் எல்லாம் கெட்டுப் போயிருக்கும். அவர் எடுக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பொடியனை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். அவன் வகுப்பில் தூங்குவது எதனால் என்று நான் கேட்டே இருக்கவில்லை.

அன்று இராச்சாப்பாடு பிள்ளைகளின் பொறுப்பு. குழுவுக்கு அரிசி, பருப்பு, ஒரு தேங்காய், கத்தரிக்காய், கருவாடு, மூன்று அடுப்புக்கல், ஒரு கட்டு விறகு. பொடியன்கள் குழுவொன்றில் தேங்காய் திருவத் தெரிந்தவன் ஒருவனும் இல்லை. சோறு மேலே அரிசி, நடுவில் கஞ்சி, அடியில் கரி. சமையல்கார ராத்தா (முஸ்லிம் அக்காமாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) பார்த்துக்கொண்டு நின்றாவே தவிர அகப்பையைத் தொடவில்லை. பயிற்றுநர்கள் அந்தச் சோற்றைத் தங்கள் கோப்பையில் போட்டு முழுக்கச் சாப்பிட்டார்கள். மற்ற நாட்களில் ராத்தாவின் கை. காலையில் பிட்டும் சம்பலும், அல்லது ரொட்டி. மத்தியானம் சோறு, மீன், இரண்டு மரக்கறி. இரண்டாம் நாள் சட்டித் தயிர். குசினி ஹலால். மரக்கறிச் சாப்பாட்டுப் பிள்ளைகள் ஐந்து பேருக்குச் சட்டி, அகப்பை எல்லாம் வேறாக வைத்திருந்தா, நாங்கள் கேட்காமலே. சாப்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நாலாம் நாள் நாலேகாலுக்கு எழுப்பி, கோமாரிப் பக்கம் சங்கமன்கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இலங்கையின் ஆகக் கிழக்கு முனை அதுதான். இருட்டில் மணலில் இருந்து பார்த்தோம். பொழுது படுகிற கரையிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு, நாட்டின் ஆகக் கிழக்கு மண்ணில் இருக்கிறீர்கள் என்று பயிற்றுநர் சொன்னபோது ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வருகையில் ரோட்டில் கதிர்காம யாத்திரைக்காரர் நடந்து போய்க்கொண்டு இருந்தார்கள், உகந்தைக்குப் போய் அங்கிருந்து காட்டுக்குள் இறங்குகிறவர்கள். அதில் எங்கள் ஊர்ச் சனம் இரண்டு பேர்! வெறுங்காலோடு, தலையில் பொட்டலத்தோடு. பஸ்ஸை நிறுத்தச் சொன்னோம். பிள்ளைகளுக்குத் திருநீறு பூசி, "வீட்டுக்குச் சொல்லுங்க, நாங்க சுகமாப் போறம் எண்டு" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பயிற்றுநர்கள் இடம் விட்டார்கள்.

பின்னேரம் வாவியில் தோணி. தோணிக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படிக் கூப்பிடுவோம்) எங்கள் பிள்ளைகளின் சவள் (துடுப்பு) பிடியைப் பார்த்துவிட்டுத் தன் சவளைக் கொடுத்துவிட்டார். கண்டல் காய் மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, சேற்றில் விழுந்து வேர் விடுவதைக் காட்டினார். தில்லை மரத்துக்குக் கிட்டப் போகும்போது, பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று காக்கா சொல்லத் தொடங்க, பிள்ளைகள் அவருக்கு முதல் சொல்லி முடித்துவிட்டார்கள்.

இரவுகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, ஆனால் என் மனதில் அதிகம் நிற்பது அவைதான். ஒன்பது மணிக்கு மின்விளக்கு எல்லாம் அணைப்பார்கள். தெற்கு வானில் தேள் நட்சத்திரக் கூட்டம் வாலோடு முழுசாகத் தெரியும். முதல் இரவு பெண் பிள்ளைகள் கூடாரத்தில் விசும்பல் கேட்டது. இரண்டாம் இரவு குசுகுசுப்பு. மூன்றாம் இரவு சிரிப்பு, நான் போய் அதட்ட வேண்டியிருந்தது. நான் வெளியே பாய் போட்டுப் படுத்தேன்.

இனிக் குறைகள்.

கழிவறை. நாங்கள் போன கிழமை இன்னொரு பாடசாலையும் அங்கே இருந்தது, எல்லாமாக அறுபது பிள்ளைக்கு மேல். பெண்களுக்குக் கழிவறை மூன்று. அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கிணற்றுத் தண்ணீர் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசரில் வருகிறது, அது போதும், ஆனால் குளிக்கவும் கழுவவும் பின்னேரத்தில் தண்ணீர் முட்டு. மாதவிடாய் வந்த பிள்ளைகள் ஐந்து பேர், அதில் ஒருத்திக்கு அது முதல் தரம். குப்பை போட மூடியுள்ள வாளி இல்லை, சவர்க்காரம் இல்லை, மாற்றுவதற்கு மறைவான இடம் இல்லை. அந்த ஒரே பயிற்றுநர் அக்காவும் நானும் மற்ற டீச்சரும் ஆளுக்கு ஒரு பக்கமாக ஓடினோம். முதல் தரம் வந்த பிள்ளையின் வீட்டில் அதை ஒரு பெரிய விஷயமாகச் செய்வார்கள், தண்ணீர் வார்ப்பார்கள். நாங்கள் அவளுக்கு ராத்தாவின் அறையை வாங்கிக் கொடுத்து, சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தோம். தாய் குவைத்தில். இரவு அவளைத் தாயோடு பேச வைத்தேன். சமையல்கார ராத்தாவைத் தவிர, ஏழு பேர் வேலை செய்யும் இடத்தில் பெண் ஒருத்தி மட்டும் என்றால், பெண் பிள்ளைகளை வரச் சொல்லிக் காசு வாங்கக்கூடாது. பொறுப்பாளரிடம் நேரில் இதைச் சொன்னேன்.

அடுத்தது தாள்கள். பறவைத் தாள், கண்டல் தாள், பாதுகாப்புத் தாள் எல்லாம் ஆங்கிலத்தில் அச்சடித்தவை. தமிழில் கேட்டபோது இரவோடு இரவாக மெசினில் போட்டு மொழிபெயர்த்துத் தந்தார்கள். உயிர்காப்பு அங்கிக்கு "வாழ்க்கைச் சட்டை" என்று இருந்தது. பாதுகாப்புத் தாளில் இப்படி வரக்கூடாது. ஒரு பிள்ளை அதை வாசித்துவிட்டுக் கயிற்றில் காய்ந்த தன் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். தமிழ்ப் பிரதேசத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடக்கும் பாசறை. தோணிக்காரக் காக்காவிடம் ஒரு மணித்தியாலம் கேட்டிருந்தால் மரம், மீன், காற்று எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்திருக்கும்.

கடைசி இரவு எனக்குப் பெரிய மனவருத்தம். நாலு நாளும் கையைக் கட்டி நின்றவர்கள் அன்று மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி, பதக்கம் கொடுத்தார்கள். "சிறந்த முகாமாளர்" என்று ஒரு பொடியனைக் கூப்பிட்டார்கள். நல்ல பிள்ளைதான், நீச்சல் தெரிந்தவன், பேசத் தெரிந்தவன். கயிறு பிடித்தவளும் இலத்தி பார்த்தவனும் கீழே இருந்து கைதட்டினார்கள். ஒரு வெளியாள் கமெராவோடு வந்து பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார், நீச்சல் உடையோடு எடுத்த படங்களும் அவரிடம் இருந்தன. பெற்றோரிடம் அனுமதி வாங்கியது பயணத்துக்கு, படத்துக்கு அல்ல. நான் எழும்பிப் போய் நிறுத்தினேன். பெண் பிள்ளைகளின் படங்களை என் கண்ணுக்கு முன்னால் அழித்தார்கள். அன்று அந்த ஒலிபெருக்கியை விட்டுவிட்டு நெருப்படியில் இருந்திருந்தால் போதும்.

போகிற ஆசிரியர்களுக்குச் சில காரியங்கள். வலயக் கல்விப் பணிமனை அனுமதிக்கு மூன்று கிழமை வைத்துக்கொள்ளுங்கள். பாசறைக்காரரிடம் உயிர்காப்பாளர்களின் சான்றிதழ்ப் பிரதியைக் கேட்டால் தருவார்கள், அதைக் கடிதத்தோடு இணைத்தால் பணிமனையில் கேள்வி குறையும். பெற்றோருக்கு ஒவ்வொரு இரவும் ஏழரைக்கு ஒரே ஒரு வட்ஸ்அப் செய்தி போடுவதாக முதலே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் போனதால் முதல் இரவு பதினொரு மணி வரை போன் அடித்தது. பிள்ளைகளுக்கு வெள்ளைச் சப்பாத்து வேண்டாம், பின்வார் உள்ள பழைய செருப்பு போதும். ஒரு பொடியனுக்குச் சிப்பி வெட்டிக் காலில் மூன்று தையல். பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்கு உடனே கொண்டு போனார்கள், பயிற்றுநர் ஒருவர் கடைசி வரை கூட நின்றார். நுளம்புச் சுருளை நம்பாமல் வலை கொண்டு போங்கள். பெண் பிள்ளைகளுக்கான பொருட்களைப் பாடசாலையே ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டு போக வேண்டும், மூடியுள்ள வாளி உட்பட.

அடுத்த வருஷத்துக்கு முப்பது இடம் கேட்டு எழுதியிருக்கிறேன். மூன்று நிபந்தனை போட்டேன்: பெண் பயிற்றுநர்கள் மூன்று பேராவது, எங்கள் கிழமையில் வேறு பாடசாலை கூடாது, கடைசி இரவு மேடை கூடாது. முதல் இரண்டுக்கும் சம்மதம் என்று பதில் வந்திருக்கிறது. தமிழ்த் தாள்களை எங்கள் பாடசாலையே எழுதித் தரட்டாம். தரம் 9 பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். யானைத் தாளை எழுதுகிறவன் யார் என்று சொல்லத் தேவையில்லை. மேடை பற்றி மட்டும் இன்னும் பதில் இல்லை, நாளைக்குப் போன் எடுப்பேன்.